படுத்துச் சம்பாதிக்கிற மாப்பிள்ளை

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

உங்கள் மாப்பிள்ளை பணிவுடன் எழுதுவது. இங்கே உங்கள் மகள் நலம். பேரன் மிகவும் நலம், அவன் நலமாக இருப்பது தெருமுனை வரைக்கும் கேட்கிறது. நீங்களும் அத்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தூங்கக் கொடுத்துவைத்தவர்கள் எல்லோரும் சௌக்கியம்தான்.

பிள்ளை பிறந்த பிறகு வேலை எப்படிப் போகிறது, முடியாவிட்டால் நம் இரும்புக் கடைக்கே வந்துவிடுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். பெரிய மனது உங்களுக்கு. ஆனால் மாப்பிள்ளை படுத்துச் சம்பாதிக்கிறவர் என்று கல்யாணப் பந்தலிலேயே நீங்கள் சொன்னது என் காதுக்கும் வந்தது. மெத்தைத் தொழிற்சாலையில் ஒவ்வொரு மெத்தையிலும் படுத்துக் குறை கண்டுபிடிப்பது லேசான வேலை இல்லை, மாமா. பஞ்சில் ஒரு முடிச்சு இருந்தாலும் என் முதுகு சொல்லிவிடும். மேலாளர் என்னை 'முதுகு' என்றுதான் கூப்பிடுவார், மரியாதையாகத்தான்.

உங்கள் பேரன் வந்தான், அந்த முதுகு கெட்டது. அவன் என் தோளில் மட்டும்தான் தூங்குவான், கீழே போட்டால் ஊரைக் கூட்டுவான். இந்தக் கதியில் வேலைக்குப் போய்ப் படுத்தால் எந்த மெத்தையும் சொர்க்கமாகத்தானே இருக்கும்? கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்த மெத்தையில்கூட அடித்துப்போட்ட மாதிரி தூங்கி எழுந்து, பிரமாதம் என்றேன். சந்தேகப்பட்ட மேலாளர் ஒரு மரப்பலகைக்கு மெத்தை உறை தைத்து மாட்டிவைத்தார். அதிலும் குறட்டை விட்டுவிட்டு, நாம் செய்ததிலேயே இதுதான் உசத்தி என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது அவர் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தேனாம், அவருக்கு ஏப்பம் வருகிற வரைக்கும்.

அவர் கத்தவில்லை. "முதுகு, நாளைக்கு மெத்தை வாங்க ஒரு ஓட்டல் முதலாளி வர்றார். அவர் முன்னாடி நீ கண்ணை மூடினா, அப்புறம் வீட்லயே மூடிட்டு இருக்கலாம்" என்றார். வேலை போனால் பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பேன்?

உங்கள் மகள்தான் வழி சொன்னாள். "உங்களைத் தூங்கவிடாத ஆளைக் கூடவே தூக்கிட்டுப் போங்க." போனேன். ஓட்டல் முதலாளி பார்க்க நான் படுக்க வேண்டுமே என்று பிள்ளையைப் பக்கத்து மெத்தையில் போட்டேன். அலறினான். அடுத்ததில் மாற்றினேன், அதிலும் அலறினான். இப்படியே வரிசை முழுக்க அலறிக்கொண்டே போய், கடைசியில் கிடந்ததில் போட்டதும் கொட்டாவி விட்டுத் தூங்கிவிட்டான். தோளைவிட்டால் எதிலும் தூங்காத பிள்ளை, மாமா! எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓட்டல் முதலாளி அமுக்கிப் பார்க்கக் கையை நீட்டினார். உறை தைக்கிற பெண்கள் எல்லோரும் சேர்ந்து "உஸ்..." என்றார்கள். அவர் கையை இழுத்துக்கொண்டு, "பச்சைப் பிள்ளை பொய் சொல்லாது" என்று கிசுகிசுத்து, தன் ஓட்டல் அறைகள் எல்லாவற்றுக்கும் இதே மாதிரி வேண்டும் என்று சொல்லிவிட்டு நுனிக்காலில் வெளியே போனார்.

வேலை தப்பியது. ஆகவே கடைக்கு நீங்கள் வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம். அப்பாவானால் வேலை கெடும் என்று யாராவது சொன்னால், என்னைக் காட்டுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். பேரனை மனதார ஆசீர்வதியுங்கள், கொஞ்சம் தாழ்ந்த குரலில்.

இப்படிக்கு,
சதா விழித்திருக்கும் உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலாளர் இப்போதுதான் ஆள் அனுப்பினார். பிள்ளை தூங்கிய மெத்தையின் உறையைப் பிரித்துப் பார்த்தார்களாம், உள்ளே அந்தப் பலகை. பேரன் உங்கள் வீட்டு ஜாடை என்று அத்தை இனிமேல் சொல்ல முடியாது, முதுகு அப்படியே என்னுடையது. கடையில் அந்த இடத்துக்கு யாரையும் வைத்துவிடாதீர்கள், மாமா. நின்றுகொண்டே செய்கிற வேலைதானே?