லெனி மேயின் அப்பா காலமான விதம்

உலகத்தில் எத்தனையோ ஊர்களில் கார் செய்கிறார்கள், சோப்பு செய்கிறார்கள். உண்மையைத் தயாரித்து, தட்டிப் பார்த்து, நாடு முழுக்க அனுப்பி வைக்கும் ஊர் ஒன்றே ஒன்றுதான். அது அமெரிக்காவில் இருக்கும் எங்கள் நாஷ்வில். அந்த உண்மைக்கு முத்திரை குத்தும் மாபெரும் பொறுப்பு எங்கள் ரெக்கார்டு கம்பெனியில் அடியேன் வெண்டல் ப்ரூயிட்டிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. பதவியின் பெயர், மண்வாசனைத் துறை இயக்குநர்.

நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் ஊருக்கு நடுவே ஓர் அடுக்குமாடியில். மண்ணைப் பூந்தொட்டியில் பார்த்திருக்கிறேன். பசுவைத் தட்டில் சந்தித்திருக்கிறேன். அதனால்தான் எது மண்வாசனை, எது இல்லை என்று என்னால் பாரபட்சமில்லாமல் சொல்ல முடிகிறது.

பாப் பாடகர்கள், குதிரையும் டிரக்கும் சாவுமாகப் பாடும் கிராமத்துக் கன்ட்ரி இசைக்கு 'மனம் திரும்பி' வருவது எங்கள் ஊரில் புதிதல்ல. வேறெங்கும் மார்க்கெட் படுத்ததும் அவர்களுக்குக் குதிரை மேல் பாசம் பொங்கும். ஆனால் லூமி என்ற பெயரில் பாடிய லெனோரா விட்டாலே என்ற பெண் அப்படி வரவில்லை. வெள்ளி நிறத் தலைமுடியும் லேசர் விளக்குமாக, உச்சாணிக் கொம்பில் இருந்தபோதே இறங்கி வந்தார். சொந்த ஊர் நியூ ஜெர்சி. அப்பா பல் டாக்டர். கீழே கிளினிக், மேலே வீடு.

"ஏம்மா, நல்லாத்தானே இருந்தீங்க? கன்ட்ரிக்கு எதுக்கு?" என்று முறைப்படி விசாரித்தேன்.

"என் குரலை மெஷின்ல போட்டு அரைச்சு அரைச்சு, ரேடியோவுல வந்தா அது நான்தான்னு எங்கப்பாவுக்கே தெரியல சார். ஒரு கிட்டார், என் சொந்த வார்த்தை. அது போதும் எனக்கு."

சின்னப் பெண், விவரம் தெரியாமல் பேசுகிறார் என்று மன்னித்துவிட்டேன்.

உடனே துறை களத்தில் இறங்கியது. 'லெனி மே' என்று பெயர் சூட்டினோம். புது பூட்ஸ் வாங்கி, அதை என் காரின் பின்னால் கயிறு போட்டுக் கட்டி, பார்க்கிங் முழுக்க இழுத்து, 'தலைமுறை கண்ட பூட்ஸ்' ஆக்கினோம். ஊர் வழக்கப்படி காரக் கோழி வாங்கிக் கொடுத்தோம். ஒரே கடியில் கண்ணும் மூக்கும் கொட்ட அழுதார். அந்த அழுகையை அப்படியே பதிவு செய்து வைத்தோம். சோகப் பாட்டில் எங்காவது தேவைப்படும் அல்லவா?

பிறகு பாட்டு எழுதும் வைபவம். வேறு ஊர்களில் சோகம் வந்தால் பாட்டு வரும். எங்கள் ஊரில் காலை பதினோரு மணிக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கொண்டுதான் சோகம் வரும். மூன்று பேர் ஓர் அறையில் உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டுக்குள் நெஞ்சு வெடித்து முடித்துவிட வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை லெனி மேயுடன் உட்கார்ந்தவர் ராய்ஸ் டாக்கெட். தொப்பியைக் கழற்றாமலே நாற்பது ஹிட் எழுதியவர். எங்கள் முதலாளி கார்லிஸ் டன்வுடியும் நானும் மேற்பார்வைக்குப் போயிருந்தோம்.

லெனி மே தானே எழுதி வந்த பாட்டைப் பாடிக் காட்டினார். பள்ளிக்கூடத்து விழாவில் சின்னப் பெண் பாடப் போகிறாள். அப்பா கிளினிக்கைப் பூட்டிவிட்டு ஓடி வருகிறார். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, மாஸ்க் தாடையில் தொங்குகிறது, முதல் வரிசையில் உட்கார்ந்து மகளோடு சேர்ந்து வாயசைக்கிறார். அவ்வளவுதான் பாட்டு. ராய்ஸ் தொப்பியைக் கழற்றினார். பிறகு சுதாரித்துக்கொண்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நல்லாருக்கு. ஆனா பல் டாக்டரை வெச்சுக்கிட்டு கன்ட்ரில என்னம்மா பண்றது?" என்றார்.

"யாராச்சும் சாகணும்," என்று டன்வுடி தீர்ப்பளித்தார். "முதல் ஆல்பத்துல ஒரு சாவாவது இருக்கணும். தாத்தா இருக்காரா?"

"தாத்தா வேண்டாங்க," என்றார் ராய்ஸ். "இந்த வருஷம் மூணு பேர் தாத்தாவைப் போட்டுட்டாங்க. வீட்ல நாய் ஏதாவது?"

"பூனைதான் இருக்கு," என்றார் லெனி மே.

"பூனை செத்தா எவன் அழுவான்? பூனை டிரக்ல ஏறாது."

எல்லோரும் யோசித்தோம். டன்வுடி மெதுவாகக் கேட்டார். "அப்பா எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கார். ஏன்?"

"அதான் பிரச்சனை," என்றார் டன்வுடி.

"சார்! எங்கப்பா உயிரோட இருக்கார்!"

"அது வெறும் தகவல், கண்ணு. நாங்க விக்கிறது உண்மை."

சாப்பாட்டு நேரத்துக்குள் காரியம் முடிந்தது. அப்பா குடிகாரர் ஆனார். டிரக் வாங்கினார். ஆற்றுப் பாலத்தில் டிரக்கோடு போய்ச் சேர்ந்தார். கடைசியாக ராய்ஸ் ஒரு வரி சேர்த்தார், கலைஞன் என்றால் அவன்தான் கலைஞன். அந்த அப்பன் உயிரோடு இருந்த காலத்தில் மகள் பாடிக் கேட்க ஒரு நாளும் வந்ததில்லையாம்.

"இந்த ஒரு வரி மட்டும் வேண்டாம் சார். ப்ளீஸ்," என்றார் லெனி மே.

"வேண்டாம்னா விட்ரலாம்மா," என்றார் டன்வுடி, பாசமாக. "நீங்களும் திரும்பப் போய் அந்த மெஷினுக்குள்ளயே உக்காந்துக்கலாம்."

லெனி மே ஜன்னலைப் பார்த்தார். "அப்பா கன்ட்ரி பாட்டெல்லாம் கேக்க மாட்டார்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அரங்கேற்றம் ஓப்பல் அம்மாள் கடையில். இருபது மேஜை உள்ள சாப்பாட்டுக் கடை அது. நடுவில் நான்கு பாட்டுக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து பாடுவார்கள், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். பாட்டு நடக்கும்போது ஒருவரும் மூச்சு விடக்கூடாது. உருளைக்கிழங்கு வறுவல் வேண்டுமென்றால்கூட விரலால்தான் காட்ட வேண்டும். ஒரு தடவை ஒருவர் தும்மிவிட்டார். தும்மினதை ஓப்பல் அம்மாள் மன்னித்தார். தும்மிவிட்டு "ஸாரி" என்றதற்காக வெளியே அனுப்பினார்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு நான் வாசலில் நின்றிருந்தேன். குட்டையாக, பளிச்சென்ற பல்லோடு ஒருவர் மூச்சு வாங்க வந்தார்.

"லெனோரா இங்கதானே பாடறா? நான் சால் விட்டாலே. அவ அப்பா. சொல்லாம கொள்ளாம வந்திருக்கேன். கிளினிக்கைப் பூட்டிட்டு ஓடி வர்றேன் தம்பி!"

பதவியின் கண்ணியத்தை விட்டுக்கொடுக்க முடியுமா?

"ஐயா, ரொம்ப வருத்தத்தோட தெரிவிச்சுக்கறேன். நீங்க காலமாயிட்டீங்க."

"அடப்பாவமே! எப்போ?"

"செவ்வாய்க்கிழமை மீட்டிங்ல."

"ரொம்பக் கஷ்டப்பட்டேனா?"

"இல்லைங்க. டிரக் ஓட்டிட்டுப் போறப்ப பாலத்துலேர்ந்து விழுந்துட்டீங்க."

"எனக்கு டிரக் ஓட்டத் தெரியாதே."

"அதனாலதான் ஐயா விழுந்தீங்க."

மனுஷர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கேட்டார். "பாட்டு நல்லாருக்கா? அவ குரல் அவ குரலாவே கேக்குதா?"

"தங்கமாக் கேக்குதுங்க."

"அப்பச் செத்துட்டே போறேன் போ. என்னை யாருன்னு சொல்லணும்?"

யாராவது கேட்டால் மாதா கோவிலில் பழக்கம் என்று சொல்லச் சொல்லி, ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார வைத்தேன். லெனி மே கவனிக்கவில்லை. ராய்ஸ் மைக்கில், "இந்தப் பாட்டு, லெனி மேயை விட்டுப் போன அவங்க அப்பாவுக்கு," என்று அறிவித்ததும் பக்கத்து நாற்காலிப் பெண்மணி டிஷ்யூவை எடுத்து அவரிடமும் ஒன்று நீட்டினார்.

"உங்களுக்கு அவரைத் தெரியுமாங்க?"

"கொஞ்சம் தெரியும்மா," என்றார் சால் விட்டாலே.

பாட்டு ஆரம்பித்தது. அணைந்த விளக்கு வந்தது, ஆற்றில் விழுந்த டிரக்கு வந்தது. அவர் ரசித்துத் தலையாட்டினார். குடிகாரர் என்றபோதுகூடச் சிரித்துக்கொண்டார். பிறகு அந்த வரி வந்தது.

"ஒரு நாளும் வரல,
நான் பாடி ஒரு பாட்டும் கேக்கல."

அவர் எழுந்து நின்றுவிட்டார். கத்தவில்லை. கோபம்கூட இல்லை. ஏதோ தப்பாகச் சொல்லிவிட்ட குழந்தையைத் திருத்துவது போல, "வந்தேனே பாப்பா," என்றார்.

மூச்சு விடக்கூடாத அறை. எல்லோர் காதிலும் விழுந்தது. லெனி மேயின் கை கிட்டாரில் நின்றது.

ஓப்பல் அம்மாள் உதட்டில் விரல் வைத்தபடி வந்தார்.

"நான் அவளோட..." என்று ஆரம்பித்தார் சால்.

"யாரா வேணா இருங்க. பேசறதுன்னா வெளியில போய்ப் பேசுங்க," என்று காதோடு சொல்லி, அவர் கையைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினார். டிஷ்யூ கொடுத்த பெண்மணி அவரைப் பார்த்த பார்வையில் கொஞ்சமும் ஈரம் இல்லை. செத்துப்போன தகப்பனுக்காக ஒரு பெண் பாடும்போது குறுக்கே பேசுகிறானே, இவனெல்லாம் ஒரு மனுஷனா? அந்த அறை முழுக்க அப்படித்தான் நினைத்தது.

அவர் வாசலில் ஒரு தடவை திரும்பி மகளைப் பார்த்தார். மகள் அவரைப் பார்த்தார். பிறகு சுவரோரம் நின்ற டன்வுடியைப் பார்த்தார். டன்வுடி புன்னகையோடு, பாடு என்பது போலத் தலையை லேசாக அசைத்தார்.

லெனி மே அடுத்த சரணத்தை எடுத்தார்.

ஒரு சுருதி பிசகவில்லை. கண்ணீர் தாடையில் சொட்டச் சொட்டப் பாடினார். நாங்கள் பதிந்து வைத்திருந்த கோழி அழுகைக்கு வேலையே வரவில்லை. முடித்ததும் கடையே எழுந்து நின்று கைதட்டியது. ராய்ஸ் மட்டும் உட்கார்ந்தபடி தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். லெனி மே கிட்டாரைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார். பார்க்கிங்கில் யாரும் இல்லை.

பாட்டு எப்படி ஓடியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோல் பங்கிலும் கல்யாண வீட்டிலும் அதுதான். லெனி மே எந்த ஊரில் பாடினாலும் முதல் வரிசையில் ஓர் இடம் வைத்து நியூ ஜெர்சிக்கு டிக்கெட் அனுப்புகிறார். யாரும் வருவதில்லை. அந்தக் காலி நாற்காலி செத்துப்போன அப்பாவின் நினைவுக்கு என்று நினைத்து ரசிகர்கள் அதில் பூ வைக்கிறார்கள். டன்வுடி எனக்குச் சம்பளம் உயர்த்திவிட்டார்.

போன வாரம் லெனி மே என் அறைக்கு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"சார், அந்தப் பாட்டை இனிமே என்னால பாட முடியாது."

"ஏம்மா? பொய்னு யாராவது கிளப்பி விட்டாங்களா?"

"இல்ல சார். பொய்யா இருந்தப்போ எப்படியோ பாடிட்டேன். இப்ப அவர் நிஜமாவே வர்றதில்ல."

நான் எழுந்து நின்று அவர் கையைக் குலுக்கினேன். மண்வாசனைத் துறையின் சரித்திரத்தில் முழுக்க முழுக்க உண்மையான முதல் பாட்டு அது. ஒரு பச்சைப் பொய்யை அந்த அளவுக்கு உண்மையாக்க எங்களுக்கு ஒரே ஒரு சாயங்காலம்தான் தேவைப்பட்டது.