ஆம்பளைக்குக் காரோ

இந்த ஞாயிற்றுக்கிழமை கார்ச் சாவி என் கையில் இருந்தே தீரும் என்று சபதம் செய்தேன். மனசுக்குள்தான். சத்தமாகச் செய்தால் தனேஸ்வரிக்குக் கேட்டுவிடும்.

வீட்டில் ஒரே கார். ஞாயிறு என்றால் அவளுக்குச் சுங்கை பெசாரில் அம்மா வீடு. எனக்கோ பாகான் நக்கோடா ஓமார் கடற்கரையில் என் தூண்டிலுக்காக மீன்கள் காத்திருந்தன. கல்யாணம் ஆன நாளிலிருந்து காத்திருக்கின்றன. பாவம், அவற்றுக்கும் வயசாகிறது.

பக்கத்து வீட்டு எர்னஸ்ட் அண்ணன் கிள்ளானில் பீட்சாக் கடையில் மாவு பிசைபவர். அவர்தான் வழி சொன்னார்.

"எங்க இத்தாலி சமையல்காரர் என்னைக் 'காரோ'ன்னுதான் கூப்பிடுறார் தம்பி. அன்பானன்னு அர்த்தமாம். எனக்கே உருகிடுது. தங்கச்சிகிட்ட சொல்லிப் பாரேன்."

சனிக்கிழமை காலை. தனேஸ்வரி தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். குரலில் நெய் தடவிக்கொண்டு போனேன்.

"என் காரோ..."

"உங்க காரோ? என் பேர்லதானேங்க இருக்கு!"

"அந்தக் கார் இல்லலா தனேஸ். இது இத்தாலி. அன்பானவளேன்னு அர்த்தம்."

கரண்டி நின்றது. கைப்பேசி வந்தது.

"காரோ ஆம்பளைக்காம். பொம்பளைக்குக் காராவாம்."

"சரி, காரா."

"இப்ப நான் காரமா இருக்கேன்றீங்க?"

"ஐயோ, இனிப்பாத்தான் சொன்னேன்!"

"இன்னொரு அர்த்தமும் போட்டிருக்கே. விலை ஜாஸ்தியானது. என்னைக் கட்டினது நட்டம்னு சொல்றீங்க?"

"இல்லவே இல்ல! அன்பு மட்டும்தான். எர்னஸ்ட் அண்ணன் மேல சத்தியமா."

"நெசமாவா?"

"நெசமா. நீ என்ன கேட்டாலும் கொடுப்பேன்."

வாயைத் திறக்கவும் செய்யலாம், மூடவும் செய்யலாம். நான் பாதியைத்தான் பழகியிருந்தேன்.

"அப்ப நாளைக்குக் கார் எனக்கு." தோசையைத் திருப்பிப் போட்டாள். என்னையும்தான்.

ஞாயிறு காலை, என்னோடு மீன் பிடிக்க வரும் நினைப்பில் எர்னஸ்ட் அண்ணன் தூண்டிலோடு வாசலில் நின்றார். தனேஸ்வரி காரை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏறுங்கண்ணே, அம்மா வீட்டுக்குப் பாகான் பக்கம்தானே, இறக்கி விடுறேன். எங்கப்பாவும் வர்றார் மீன் பிடிக்க."

அண்ணன் ஏறிவிட்டார்! கண்ணாடியை இறக்கி, "தம்பி, உன் தூண்டிலைக் கொடேன். அப்பாவுக்கு ஆகும்" என்றார்.

கொடுத்தேன். "அப்ப நான்?"

"கேஸ் சிலிண்டர் வருதுங்க, வீட்ல ஆள் வேணாமா? சாயங்காலம் மீன் வரும். மசாலா அரைச்சு வைங்க, காரோ!"

இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை.