பூதத்துக்கு வந்த மருந்துச்சீட்டு

மாமல்லபுரம்

அன்புள்ள மைத்துனர் சரவணகுமாருக்கு, உன் அக்காள் பூங்கொடியின் கணவன் ஜெகதீசன் எழுதுவது. இங்கு நான் நலம். உன் அக்காளும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை.

நாவலூரில் நீ வேலை பார்க்கும், உடல் இளைக்க ஊசி அனுப்பும் கம்பெனியின் ஆப்பை அவள் போனில் போட்டுக் கொடுத்தவன் நீ. மருந்து கிடைக்க அவளுக்கு எடை போதவில்லையாம். காலி கேஸ் சிலிண்டரை இடுப்பில் வைத்துக்கொண்டு எடை மெஷினில் ஏறி, கால்விரலும் எண்ணும் மட்டும் தெரியப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். முகம் பார்க்காத டாக்டர் வாழ்த்துச் சொல்லி மருந்து எழுதிவிட்டார். கடை கடையாகப் போய்த் தராசுக்கு முத்திரை வைத்து, கள்ள எடைக்காரர்களைப் பிடித்து ஓய்வு பெற்றவன் நான். என் வீட்டுச் சமையலறையிலேயே கள்ள எடை.

அன்றிலிருந்து சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறாள். போன மாதம் திருவிடந்தை கோயில் வரிசையில் நின்றவள் அப்படியே சரிந்தாள். பெண் அமைய வேண்டி மாலையோடு நின்றிருந்த ஒருவர் தாங்கிப் பிடித்தார். தான் வேண்டியது இதுவல்ல என்று அவர் முகத்தில் தெரிந்தது. செங்கல்பட்டில் ஒரு டாக்டரை நேரில் பார்க்கலாம் என்றேன். "போன்ல கீறவரும் டாக்டருதானே? இன்னாத்துக்கு இப்ப கூவுறீங்க?" என்றாள்.

ஆகவே நிரூபிக்க வேண்டியதாயிற்று. சிற்பி சடையப்பன் ஒரு ஓட்டல் வாசலுக்காகச் செதுக்கியிருக்கும் தொந்தி பூதத்தின் பெயரில் விண்ணப்பித்தேன். ஒரு பொய்யும் சொல்லவில்லை. எடை முந்நூற்றுப் பத்து கிலோ. உயரம் மூன்றடி. நடைப்பயிற்சி உண்டா? இல்லை. உட்கார்ந்த வேலையா? ஆம். இதற்குமுன் எடையைக் குறைக்க முயன்றதுண்டா? உண்டு, உளியால். மருந்துச்சீட்டு வந்தபோது சடையப்பன் வாங்கித் தந்த டீ ஆறவில்லை. "இன்னா சார், இது எளச்சிட்டா ஓட்டல்காரனுக்கு நான் இன்னாத்த குடுக்கறது?" என்று அவர் நிஜமாகவே கவலைப்பட்டார். ஊசி வந்தது. சாட்சியாக ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன்.

மருந்தைக் குறை சொல்லவில்லை. தேவைப்படுகிறவர்களுக்கு அது தேவைதான். ஆனால் கத்தரிக்காய் நிறுக்கும் தராசுக்கே அரசாங்க முத்திரை கேட்கிற நாட்டில், ஒரு மனுஷியை நிறுக்க டாக்டரின் கண்ணாவது வேண்டாமா? நேரில் பார்க்காமல் எழுதக்கூடாது என்று விதி வரும்வரை காத்திருக்க எனக்குத் தெம்பில்லை. உன் மேலதிகாரிகளிடம் நீயே சொல். அவள் பேரை அதுல இருந்து எடுத்துடு மச்சான். எனக்கு உன் அக்கா முழுசா வேணும், அவ்ளோதான்.

உனக்கும் கீர்த்தனாவுக்கும் எங்கள் ஆசிகள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஜெகதீசன்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதுறேன். கவர ஒட்டச் சொல்லி என்கிட்ட குடுத்தாரு, படிச்சிட்டேன். பூதத்துக்கு வந்த ஊசிய வாராவாரம் மாமாதான் போட்டுக்கினு கீறாரு. பெல்ட்டுல ஆணி வெச்சி புது ஓட்டை போட்டத நானே பாத்தேன். நேத்து மாடிப்படில தல சுத்தி உக்காந்துட்டாரு. நான் வுழுந்தப்ப வராத பயம் அப்பதான் வந்திச்சு. திங்கக்கெழம ரெண்டு பேரும் செங்கல்பட்டு டாக்டராண்ட போறோம். மெஷின்ல மொதல்ல அவரு ஏறட்டும். அப்பால நான் ஏறுறேன், சிலிண்டர் இல்லாம.