டச்சஸுக்கு ஒரு மூலை வெயில்

வேலிச்செடிக்கு அடியில் கையை விட்டு, ஈரச் சருகையெல்லாம் விலக்கி, நெவில் டாப்ஸெல் வெளியே எடுத்தது ஆமைதான். குளிரைப் பார்த்தால் கல். அசைவைப் பார்த்தாலும் கல்.

"டச்சஸ், சாகிறதுக்கு உனக்கு வேற மாசமே கிடைக்கலையா?" என்றார்.

டச்சஸ் அவர் மனைவி ராஸலிண்டின் ஆமை. ராஸலிண்டின் வாழ்க்கையில் ஆமை வந்தது அவளுடைய ஒன்பதாவது வயதில். நெவில் வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. வீட்டில் இன்றைக்கும் அதே வரிசைதான். "வீடு தீப்பிடிச்சா முதல்ல யாரைத் தூக்கிட்டு ஓடுவேன்னு மட்டும் என்னைக் கேட்காத நெவில். எனக்குப் பொய் சொல்ல வராது" என்று அவள் கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டாள்.

இப்போது அவள் அக்காவுக்கு முட்டியில் ஆபரேஷன் என்று கார்ன்வால் போயிருக்கிறாள். கிறிஸ்துமஸை ஒட்டித்தான் திரும்புவாள். கிளம்பும்போது வாசலில் நின்று அவள் நிறையச் சொன்னாள். டிவியில் ஸ்னூக்கர் பந்தயம் கடைசிப் பந்துக்கு வந்திருந்தது. நெவில் சரியான இடங்களில் "ம்" போட்டார். காதில் விழுந்தது ஒன்றே ஒன்று: "கராஜ் ஃபிரிட்ஜைத் தினமும் ஒரு தடவை திறந்து மூடணும், காத்து மாறட்டும். உள்ள இருக்கிற பெட்டியைத் தொடாத."

அதில் நெவிலுக்குக் குழப்பமே இல்லை. நவம்பர் கடைசியில் வீட்டுக்கு வீடு கிறிஸ்துமஸ் புட்டிங் செய்து, மூடி, ஒதுக்கி வைப்பார்கள். பண்டிகை வரைக்கும் அது ஊறும். அதைத் திறந்து பார்ப்பது கல்லறையைத் திறந்து பார்ப்பதற்குச் சமம். புட்டிங்குக்குக் காற்று வேண்டும் என்பது மட்டும் புதிய செய்தி. ஆனால் ராஸலிண்ட் சமையல் நிகழ்ச்சிகள் பார்க்கிறவள்.

ஆமையின் நினைவு வந்தது மறுநாள். மாடியில் சின்ன அறைக்குப் போய்ப் பார்த்தால் ஆமையின் மேசை காலி. நாலு பக்கமும் பலகை அடித்து, உள்ளே மண் பரப்பிய மேசை. விளக்கு அணைந்திருந்தது. மண்ணைக் கிளறிப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு தோட்டம் முழுக்கத் தவழ்ந்தார். கடைசியில் பக்கத்து வீட்டு வேலியோரம் கிடைத்துவிட்டாள்.

மனைவிக்கு ஒரு போன் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் "உன் ஆமையைத் தொலைச்சுட்டேன், கண்டுபிடிச்சுட்டேன், செத்துடும்போல இருக்கு" என்ற வாக்கியத்தை நெவிலால் எங்கே ஆரம்பிப்பது என்று தீர்மானிக்க முடியவில்லை. காப்பாற்றிவிட்டால் சொல்லவே வேண்டாம்.

யார்க்‌ஷயரில், ஸ்கிப்டன் ஊரில், அவர் தெருவில் நெவிலின் ஹீட்டர் கொள்கை பிரசித்தம். நவம்பர் பிறக்காமல் ஹீட்டர் கிடையாது. பிறந்தாலும் பதினேழு டிகிரிக்கு மேல் கிடையாது. குளிர்கிறது என்று யாராவது சொன்னால் "ஸ்வெட்டர் எதுக்கு இருக்கு?" என்பார். ராஸலிண்ட் இருபது வருஷமாகத் தலையில் தொப்பியோடுதான் டிவி பார்க்கிறாள்.

ஆனால் ஆமைக்கு ஸ்வெட்டர் போட்டுப் பயனில்லை. ஸ்வெட்டர் உள்ளே இருக்கிற சூட்டைக் காக்கும், அவ்வளவுதான். ஆமையின் உடம்பு சூட்டை உண்டாக்காது. வெளியிலிருந்து கடன் வாங்கினால்தான் உண்டு. அதனால் மேசையின் ஒரு மூலையில் மேலேயிருந்து விளக்கு காய வேண்டும். இன்னொரு மூலை குளிர்ந்திருக்க வேண்டும். சூடு வேண்டும்போது ஆமை அங்கே போகும், போதும் என்றால் இங்கே வரும். அந்த நடைதான் அதன் உடம்புக்குள் இல்லாத அடுப்பு.

நெவில் விளக்கைப் போட்டார். மாலைக்குள் ஒரு கால் வெளியே வந்தது. பிறகு தலை. அது நெவிலை முன்பின் பார்த்திராததுபோல் பார்த்தது. அவருக்குக் கண் கலங்கியது. குளிர்ந்த மூலையைப் பார்த்தார். பாவம், அந்தப் பக்கம் போனால் குளிருமே. அங்கேயும் ஒரு விளக்கு மாட்டினார்.

இப்போது ஒதுங்க இடமில்லாமல் ஆமை மண்ணைத் தோண்டிக்கொண்டு உள்ளே போனது. மண் குளிர்கிறதோ என்று நெவில் நடுவிலும் ஒன்றை மாட்டினார்.

கடைத்தெருவில் செல்லப்பிராணிக் கடை வைத்திருந்த வினிஃப்ரெட் அம்மாள், அவர் சொன்னதைக் கேட்டுத் தலையில் கை வைத்தாள்.

"வளர்க்கப் போறீங்களா, வறுக்கப் போறீங்களா?"

"நடுங்குறா மேடம்."

"ஆமை நடுங்காது. நீங்கதான் நடுங்குறீங்க. ரெண்டு விளக்கைக் கழட்டுங்க. மீதி ஒண்ணுக்கு இந்தத் தெர்மோஸ்டாட்டை மாட்டுங்க. இந்த ஒயர் நுனி இருக்கே, இதுதான் அதுக்கு மூக்கு. இது மோந்து பார்த்துதான் விளக்கைக் கூட்டும் குறைக்கும். விளக்குக்கு அடியில ஆமை உட்கார்ற இடத்துல வைக்கணும். புரியுதா?"

"புரியுது. வெயில் ஜன்னல் வழியாவே வருது. அது போதாதா?"

"வெளிச்சம் வரும், சத்து வராது. ஓட்டைக் கெட்டியாக்குற புற ஊதாக் கதிர் ஜன்னல் கண்ணாடியிலயே நின்னுடும். அதுக்குத் தனி விளக்கு. போட்டோ இருக்கா?"

நெவில் காட்டினார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"பொண்ணுன்னா சொன்னீங்க? வால் நீளமா இருக்கே."

"அம்மா வழியில வந்திருக்கும்" என்றார் நெவில்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மாட்டினார். ஒயர் நுனியை ஆமை மிதித்துவிடுமே என்று அதை ஜன்னலோரம் வைத்தார். அந்த ஜன்னலில் ஒரு விரற்கடை இடைவெளி உண்டு. யார்க்‌ஷயர் காற்று முழுவதும் அதன் வழியாகத்தான் அறைக்குள் வரும். தெர்மோஸ்டாட் அந்தக் காற்றை மோந்து, ஆமை பனிக்கட்டியில் கிடக்கிறது என்று முடிவுசெய்து, விளக்கை அணைக்கவே இல்லை.

விளக்கு எரிந்துகொண்டே இருப்பதைப் பார்த்த நெவிலுக்கு ஒன்றுதான் தோன்றியது: அறை இன்னும் சூடாகவில்லை. சூடு எங்கே போகிறது? சுவர் வழியாக. சுவர் முழுக்கச் சமையலறை அலுமினியத் தாளை ஒட்டினார். மேசையைச் சுற்றவும் ஏதாவது வேண்டுமே என்று பரணில் ஏறினார். கூரைக்கு அடியில் சூடு தப்பாமலிருக்கப் பஞ்சுப் பாய் விரித்திருப்பார்கள். இந்த அறைக்கு நேர்மேலே இருந்ததைச் சுருட்டி இறக்கி, மேசைக்குச் சுற்றினார். மேசை சூடானது. அறையின் சூடு முழுக்கக் கூரைக்குக் கிளம்பியது.

இதற்குள் ஆமைக்குப் பசி வந்துவிட்டது. மஞ்சள் பூ பூக்கிற டேன்டிலையான் செடியின் இலை என்றால் அதற்கு உயிர். டிசம்பரில் தோட்டத்தில் அது ஏது? தட்டுத் தட்டாக விதைத்து, வீட்டுக்குள் செடி வளர்ப்பதற்கான பழைய விளக்கு ஒன்றை மேலே தொங்கவிட்டார். அந்த விளக்கு பளீரென்று ஊதா நிறத்தில் எரியும். செடிகள் குபுகுபுவென்று வளர்ந்தன.

நெவிலும் அங்கேயே குடியேறிவிட்டார். காலை டீ அங்கே, டோஸ்ட் அங்கே, பேப்பர் அங்கே. முதல் முறையாக இந்த வீட்டில் ஒரு மனிதன் சட்டையோடு மட்டும் உட்கார்ந்திருந்தான்.

"என் செல்லம் எப்படி இருக்கா?" என்று ராஸலிண்ட் போனில் கேட்டாள்.

"நல்லா இருக்கா."

"தெரியும். நீ ஒண்ணும் பண்ணாத, அப்படியே விட்டா போதும்."

"நான் எதுவும் பண்ணலயே" என்றார் நெவில், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

"ஃபிரிட்ஜைத் திறந்து மூடுறியா?"

"தினமும். பெட்டியைத் தொடல."

"நீ தங்கம் நெவில்."

ஒரு புட்டிங்குக்காக யாரும் அவரை இவ்வளவு பாராட்டியதில்லை.

பக்கத்து வீட்டு பெர்னார்ட் ஹக்கின்ஸ் அன்றைக்கு மழையில் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். இரண்டு வாரமாகவே அவர் இப்படி எட்டிப் பார்க்கிறார்.

"நல்ல நாளு" என்றார் பெர்னார்ட், தொப்பியிலிருந்து நீர் சொட்ட.

"பரவாயில்ல" என்றார் நெவில்.

"உங்க பக்கம் எதாவது... வந்துச்சா?"

"எது?"

"சும்மா. முள்ளெலி மாதிரி."

"முள்ளெலியா? இல்லையே."

"இல்லன்னா பரவாயில்ல. பெருசா ஒண்ணுமில்ல." பெர்னார்ட் அண்ணாந்து பார்த்தார். "மாடில வெளிச்சம் பிரமாதமா இருக்கு."

"ஆமா."

"ஊதா."

"ஊதாதான்."

"எங்க படுக்கையறை வரைக்கும் வருது. அழகு."

அந்தத் தெருவில் இதற்கு ஒரே பொருள்தான்: ராத்திரியெல்லாம் தூக்கமில்லை, உடனே அணை. நெவிலுக்கு அது நன்றாகப் புரிந்தது. ஆனால் ஆமை சங்கதியைச் சொன்னால் பெர்னார்ட் மூலம் சாயங்காலத்துக்குள் அது கார்ன்வால் போய்விடும். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உள்ளே போய், ஜன்னலையும் அலுமினியத் தாளால் அடைத்தார். ஓரத்தில் மட்டும் ஊதாக் கோடு ஒன்று கசிந்துகொண்டிருந்தது.

மறுவாரம் பனி கொட்டியது. விடிந்து பார்த்தால் தெரு முழுக்க வெள்ளை. கூரைகள் எல்லாம் வெள்ளை. நெவிலின் கூரையில் மட்டும் நடுவே பெரிய சதுரமாக ஓடு தெரிந்தது. அதிலிருந்து ஆவி வேறு.

பனி தங்காத கூரைக்கு அந்த நாட்டில் என்ன அர்த்தம் என்று செய்தித்தாள் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். உள்ளே விளக்குப் போட்டுக் கஞ்சா வளர்க்கிறார்கள். பால் வாங்கப் போன இரண்டு பெண்கள் நின்று பார்த்துவிட்டு, நெவிலுக்கு மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போனார்கள்.

காலை டீக்குள் வாசலில் போலீஸ். கான்ஸ்டபிள் டாம்ஸின் ரூக் என்ற பெண்ணும், அவளுக்குப் பின்னால் ஆக்டன் என்ற வாட்டசாட்டமான கான்ஸ்டபிளும்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும் சார். உங்க மாடி அறையை ஒரு பார்வை பார்க்கலாமா?"

"மாடி அறையா? அங்க... என் மனைவிக்குத் தெரியாது" என்றார் நெவில்.

"அப்படித்தான் எல்லாரும் சொல்வாங்க சார்" என்றாள் டாம்ஸின்.

ஆக்டனை கராஜைப் பார்க்கச் சொல்லிவிட்டு அவள் மாடியேறினாள். கதவைத் திறந்தாள். வெந்நீர் அறை மாதிரி சூடு முகத்தில் அடித்தது. வெள்ளிச் சுவர், அடைத்த ஜன்னல், தாறுமாறாக ஒயர்கள், ஊதா விளக்கு, அதன் கீழே வரிசையாகப் பச்சைச் செடிகள். அவள் கை இடுப்பிலிருந்த ரேடியோவுக்குப் போனது.

பிறகு ஒரு செடியைக் கிள்ளி மோந்து பார்த்தாள்.

"இது... தோட்டத்துல பிடுங்கிப் போடுற களை தானே?"

"டேன்டிலையான்" என்றார் நெவில். "இளசு."

"யாருக்கு?"

நெவில் பஞ்சுப் பாயை விலக்கினார். விளக்குக்கு அடியில் நாலு காலையும் நீட்டி, கண்ணை மூடி, வாயோரம் ஒரு இலைத் துணுக்கோடு ஆமை வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

டாம்ஸின் குனிந்து பார்த்தாள். பிறகு அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிப்பு அடங்கியதும் ஜன்னலோரம் கிடந்த தெர்மோஸ்டாட் ஒயரைத் தொட்டுப் பார்த்தாள். "சார், இதுக்கு மூக்குல குளிர் காத்து அடிக்குது. அதான் அணைய மாட்டேங்குது" என்று சொல்லி, அதை இழுத்து ஆமைக்குப் பக்கத்தில் வைத்தாள். விளக்கு உடனே மங்கியது. வாழ்க்கையில் முதல் முறையாக அது ஓய்வெடுத்தது.

"நெவில், ரொம்ப மன்னிக்கணும்." அறை வாசலில் பெர்னார்ட், தொப்பியைக் கையில் பிடித்தபடி. கதவு திறந்திருக்கவே மேலேறி வந்திருக்கிறார். "போன் பண்ணது நான்தான். கூரையைப் பார்த்ததும் எனக்கு... தப்பா எதுவும்..."

"பரவாயில்ல பெர்னார்ட். வாங்க, பாருங்க. தோட்டத்துல செத்துக் கிடந்தா. நான்தான் எடுத்து உயிர் கொடுத்தேன்." நெவில் ஆமையின் ஓட்டைத் தடவினார். "ராஸலிண்ட் வந்து பார்க்கட்டும். இந்தத் தெருவுல ஒரு ஆமையை இப்படிப் பார்த்துக்கிட்ட ஆள் வேற யாராவது இருக்காங்களான்னு கேட்கட்டும்."

பெர்னார்ட் எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"வேற நாட்டுல வேலைக்குப் போயிருக்கிற என் பொண்ணு என்கிட்ட விட்டுட்டுப் போன..." என்று ஆரம்பித்து, "ஒண்ணுமில்ல" என்று முடித்துக்கொண்டார்.

குற்ற உணர்ச்சி பேச விடவில்லை என்று நெவில் நினைத்தார். பெருந்தன்மையோடு அவர் தோளில் தட்டினார்.

படியில் கனமான பூட்ஸ் சத்தம் கேட்டது. கான்ஸ்டபிள் ஆக்டன் ஒரு அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் அலுங்காமல் ஏந்திக்கொண்டு வந்தார்.

"அதைத் தொடாதீங்க, அது புட்டிங்" என்றார் நெவில்.

"மெதுவாப் பேசுங்க சார், தூங்குது" என்றார் ஆக்டன். "எங்க சித்தியும் குளிர்காலம் முழுக்க அவங்க ஆமையை இப்படித்தான் ஃபிரிட்ஜுல தூங்க வைப்பாங்க. மூடிக்கு உள்பக்கம் 'டச்சஸ்'னு எழுதியிருக்கு, அப்போ அங்க வெயில் காயறது யாரு?"