பூசணிக்காய்க்கு மாட்டிய ஹெட்போன்

உலகத்தில் பூசணிக்காய்க்குத் தாலாட்டுக் கேட்கவைத்த மனிதர் இதுவரை ஒருவர்தான் பிறந்திருக்கிறார். எண்பதுகளின் நடுவில் அவர் போடிநாயக்கனூரில் எனக்கு அடுத்த அறையில் குடியிருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருந்தது. ஊருக்கு அவர் கிலுகிலுப்பை, எனக்கு அண்ணன்.

ஏலக்காய் வாங்கும் கம்பெனி ஒன்றில் தரம் பார்ப்பது அவர் வேலை. மற்றவர்கள் காயை நசுக்குவார்கள், மோந்து பார்ப்பார்கள். இவர் ஒரு கைப்பிடி அள்ளிக் காதருகே கொண்டுபோய்க் கிலுக்குவார். உள்ளே விதை போடும் சத்தத்தை வைத்தே, "இன்னும் ஒரு நாள் சூடு காட்டணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். தீர்ப்பு தப்பியதில்லை. ஆனால் பழக்கம் ஏலக்காயோடு நிற்கவில்லை. தீப்பெட்டி, தேங்காய், என் அலாரம் கடிகாரம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கிலுக்கினார். ஒருமுறை டாக்டர் பிடுங்கிக் கொடுத்த தன் கடைவாய்ப் பல்லைத் தாளில் பொதிந்து கிலுக்கிப் பார்த்துவிட்டு, "உள்ள சொத்தை இருக்கு, பிடுங்குனது சரிதான்" என்றார்.

நான் அப்போது டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டர். நாங்கள் இருந்தது ஏலக்காய் மூட்டை அடுக்கிய ஒரு பழைய கிட்டங்கி. வீட்டுக்கார அக்கா அதைப் பலகை அடித்து நாலு அறையாக்கி வாடகைக்கு விட்டிருந்தார். அண்ணனுக்கும் எனக்கும் நடுவே இருந்தது அந்தப் பலகைதான். அவர் தும்மினால் நான் முகத்தைத் துடைத்துக்கொள்வேன்.

அண்ணனுக்கு இன்னொரு பைத்தியம் புல்புல்தாரா. தந்திகளின் மேல் டைப்ரைட்டர் கட்டைகளைப் பொருத்தியது போன்ற வாத்தியம். விரலால் கட்டையை அழுத்தி மறுகையால் தந்தியை மீட்ட வேண்டும். மீட்டினால் தெருமுனை வரை கேட்கும். அதை நாங்கள் பொறுத்துக்கொண்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் அறையிலிருந்து ஒரு பெண் குரலில் தாலாட்டு வந்தபோதுதான் சிக்கல்.

வீட்டுக்கார அக்கா முறத்தோடு என் அறை வாசலுக்கு வந்துவிட்டார். "தம்பி, அந்த ரூம்ல பிள்ளை ஏதும் கெடக்கா?"

"இல்லக்கா, அவருக்குக் கல்யாணமே ஆகலயே."

"அதான் கேக்குறேன்."

போய்ப் பார்த்தோம். அண்ணன் தலையில் ஹெட்போன். கருப்பு ஸ்பாஞ்சு வைத்தது. வளைகுடாவிலிருந்து வந்த சிலமலைக்கார நண்பர் கொடுத்தது. எதிரே பாட்டுக்கு ஒன்று, பதிவுக்கு ஒன்று என்று இரண்டு டேப் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தன. அக்காவைப் பார்த்ததும் வெடுக்கென்று நிறுத்தினார்.

"ரேடியோக்கா" என்றார்.

"ரேடியோவுல ஒரே தாலாட்டை ஒம்பது தடவை போடுவானா?"

"நேயர் விருப்பம்க்கா."

அக்கா போன பிறகு என்னை உட்காரவைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில், காய் பறிக்கப் போகிற பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் டீச்சர் ஒருத்தி. காய் பார்க்கப் போன இடத்தில் அவள் பாடியதைக் கேட்டிருக்கிறார். "டேப்பு வேலை செய்யுதான்னு பாக்கணும், ஒரு பாட்டுப் பாடுங்க" என்று கேட்டுப் பதிவுசெய்து வந்துவிட்டார். அதற்குப் புல்புல்தாரா வாசித்து ஒரு கேசட்டு அனுப்பினார். அவள் இன்னொரு தாலாட்டு அனுப்பினாள். ஏலக்காய் சாம்பிள் பைக்குள் கேசட்டு ஒளிந்து, கம்பெனி ஜீப்பில் மலை ஏறி இறங்கியது. நேரில் இருவரும் பேசியது மொத்தம் பத்து வாக்கியம் இருந்தால் அதிகம்.

"இதுல ஒளிக்க என்னண்ணே இருக்கு?" என்றேன்.

"ஜீப்புக்காரன் கையில கெடச்ச கேசட்டையெல்லாம் வண்டியில போட்டுக் கேப்பான் தம்பி. வெறும் தாலாட்டுன்னா பிள்ளைக பாட்டுன்னு விட்டுருவான். வெறும் வாத்தியம்னாலும் விட்டுருவான். ரெண்டும் சேந்து கேட்டுச்சுன்னா, குரங்கணி வரைக்கும் சொல்லிப்போடுவான். அவ பேரு கெட்டுப்போகும். அவ அண்ணன் வந்து வேலையை விட்டு நிறுத்திக் கூட்டிட்டுப் போயிருவாரு."

அதுதான் அவருடைய பிரச்சினை. அவள் குரலைக் காதில் கேட்டுக்கொண்டே வாசித்தால்தான் தாளம் சேரும். ஆனால் அந்தக் குரல் ஹெட்போனை விட்டு வெளியே வரக் கூடாது. மைக்கில் விழுந்தாலும் ஆபத்து, அக்கா காதில் விழுந்தாலும் ஆபத்து. ஸ்பாஞ்சு ஹெட்போனோ அவருக்குப் பாதியும் தெருவுக்கு மீதியுமாகப் பாடியது.

"வாய் பொளந்த காயி தம்பி இது. மூடுன காயிதான் முதல் தரம். ரெண்டு காதுக்கும் பின்னால மூடி போட்ட ஹெட்போனு வேணும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க ஆபீசுல மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பீங்களே, அதுல ஒண்ணு கொண்டா" என்றார்.

"அண்ணே, அது கவர்மெண்டு சொத்து."

"ஒரு காதுக்குத்தான இருக்கு. பாதிச் சொத்துதான."

நான் மறுத்துவிட்டேன். அதனால் என் விடுமுறை நாளில் மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனார். மூன்று கடை ஏறி இறங்கினோம். எடுத்துக் கொடுத்த ஒவ்வொரு ஹெட்போனையும் முதலில் காதருகே கிலுக்கினார். "உள்ள ஸ்குரூ ஆடுது" என்று இரண்டைத் தள்ளினார். மற்றதை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். நான் அவர் பின்னால் நின்று ஒரு கை ஏலக்காயைக் கிலுக்க வேண்டும். சத்தம் கேட்டால் கையைத் தூக்குவார். அந்த ஹெட்போன் தோற்றுப்போனது. மூன்றாவது கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சாருக்கு ஏதும் வேண்டுதலா?" என்று என்னிடம் கேட்டார்.

கடைசியில் அவர் உள்ளேயிருந்து ஒரு பழைய உருப்படியைக் கொண்டுவந்தார். ஏதோ ரெக்கார்டிங் கூடத்தில் கழித்துப்போட்டதாம். தேங்காய்ச் சிரட்டை அளவில் இரண்டு கருப்பு மூடி, உள்ளே மெத்தை, தூக்கினால் கால் படி அரிசி கனம். அண்ணன் மாட்டினார். கிலுக்கினேன். கை எழவில்லை. இரண்டு கையாலும் கிலுக்கினேன். அவர் அசையவே இல்லை. தோளைத் தட்டித்தான் கூப்பிட வேண்டியிருந்தது. அதை வாங்கிக்கொண்டு போடி திரும்பினோம்.

வெளிச்சத்தம் உள்ளே போகவில்லை, சரி. உள்சத்தம் வெளியே வருகிறதா என்று தெரிய வேண்டும். அதற்கு மாட்டிக்கொள்ள இன்னொரு மண்டை வேண்டும். நான் வெளியே நின்று கேட்கிற ஆள், அதனால் என் மண்டை ஆகாது. அண்ணன் தன் தலையைச் சுற்றி நூல் வைத்து அளந்துகொண்டு காய்கறிச் சந்தைக்குப் போய், அதே சுற்றளவில் ஒரு பூசணிக்காய் வாங்கிவந்தார். அதை நாற்காலியில் உட்காரவைத்து, உருளாமல் இருக்கக் கழுத்தில் துண்டைச் சுற்றி, ஹெட்போனை மாட்டித் தாலாட்டை ஓடவிட்டார்.

அவர் பூசணிக்காயிடம் குனிந்து உற்றுக் கேட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து வீட்டுக்கார அக்கா உள்ளே வந்தார். நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.

"எவனுக்குப்பா செய்வினை வைக்கிற?"

"மண்டை அளவு பாத்தேன்க்கா."

"யாரு மண்டை?"

"என் மண்டைதான்."

தனக்குத்தானே செய்வினை வைத்துக்கொள்கிற ஆளை அக்கா அன்றுதான் பார்த்தார். சோதனை முடிந்ததும் பூசணிக்காயைக் கையோடு வாங்கிப்போய் அறுத்துவிட்டார். எனக்கும் ஒரு கிண்ணம் கூட்டு வந்தது.

இறுதிச் சோதனை என் அறையில். அவர் தன் அறையில் இருந்து மண்டையில் மாட்டிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார். நான் பலகைக்கு இந்தப் பக்கம். பாட்டு முடிந்ததும் ஓடிவந்தார். முகத்தில் பரீட்சை எழுதினவனின் கலக்கம்.

"கேட்டுச்சா தம்பி?"

"ஒண்ணும் கேக்கலண்ணே" என்றேன்.

அண்ணன் என்னைத் தூக்கியே விட்டார்.

ஆனால் நல்ல ஹெட்போனிலும் ஒரு வில்லங்கம் இருந்தது. காதை அப்படி அடைத்துக்கொண்டதில் அவர் வாசிப்பது அவருக்கே கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று ஓங்கி ஓங்கி மீட்டி, பதிவுசெய்து அனுப்பிவிட்டார். அடுத்த ஜீப்பில் சாம்பிள் பையில் ஒரு துண்டுச் சீட்டு வந்தது: "உங்கள் கேசட்டைப் போட்டேன். தூங்கிக்கொண்டிருந்த பதினாலு பிள்ளைகளும் எழுந்து அழுதன. மெதுவாக." அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் நடந்தார். 'மெதுவாக' என்ற சொல்லில் அன்பு இருக்கிறதா, கோபம் இருக்கிறதா என்று என்னிடம் நாளுக்கு மூன்று முறை கேட்டார். சீட்டைக் கிலுக்கியும் பார்த்தார்.

இப்படியே எட்டு மாதம் போயிற்று. "பொண்ணு கேக்க வேண்டியதுதானண்ணே" என்றால், "இந்தப் பாட்டு சரியா வரட்டும், வர்ற மாசம் பேசிர்றேன்" என்பார். ஏலக்காயின் மனசைக் கண்டுபிடிக்கிற மனிதருக்கு ஒரு பெண்ணிடம் வாய் திறக்கத் தைரியம் இல்லை.

ஒரு ஞாயிறு காலை பஸ்ஸில் அவளே இறங்கி வந்துவிட்டாள். முப்பது வயதிருக்கும், கையில் ஒரு மஞ்சள் பை. வீட்டுக்கார அக்காவிடம், "புல்புல்தாரா வாசிக்கிறவரு வீடு இதானே?" என்றாள். கேட்கவே தேவையில்லை, உள்ளே வாசித்துக்கொண்டுதான் இருந்தார். அக்கா கதவைத் தட்டினார். பதில் இல்லை. நான் ஜன்னலைத் தட்டிக் கத்தினேன். பதில் இல்லை. மதுரையில் அத்தனை பாடுபட்டுத் தேர்ந்தெடுத்த ஹெட்போன் அல்லவா. சத்தம் கேட்டுத் தெருவே கூடிவிட்டது, அவர் ஒருவரைத் தவிர.

அக்கா கதவைத் தள்ளித் திறந்தார். அண்ணன் எங்களுக்கு முதுகு காட்டி, கண்ணை மூடி, மெதுவாக, மிக மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தார். அவள் வாசற்படியில் நின்று கொஞ்சம் கேட்டாள். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டுப் பாட ஆரம்பித்தாள்.

எட்டு மாதம் ஒளித்துவைத்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து தெரு முழுக்கக் கேட்டது. அண்ணன் ஹெட்போனுக்குள் இருக்கும் அவளுக்குத் தலையாட்டிக்கொண்டே வாசித்தார். டேப் முடிந்து டக்கென்று நின்றது. ஹெட்போனைக் கழற்றினார். பாட்டு நிற்கவில்லை. ஹெட்போனைக் காதருகே கிலுக்கினார். பாட்டு நிற்கவில்லை. டேப் ரெக்கார்டரைத் தூக்கிக் கிலுக்கினார். அப்புறம்தான் திரும்பினார்.

அவள் நிறுத்தினாள். "எட்டு மாசமாத் தாலாட்டு அனுப்புறேன். நான் தூங்க வச்ச பிள்ளைகளெல்லாம் பள்ளிக்கொடம் போயிருச்சுக. கேசட்டு மதி. நீங்க எப்பப் பேசப் போறீங்க?"

மதி என்றால் மலையாளத்தில் போதும். மலைமேல் இருப்பவர்களுக்கு அந்தச் சொல் இயல்பாக வரும். அண்ணனுக்கு வந்த சொல் வேறு. டேப் ரெக்கார்டரைக் கீழே வைத்துவிட்டு, "டீ குடிக்கிறீங்களா?" என்றார்.

"பேசிட்டான்யா" என்றார் வீட்டுக்கார அக்கா. அடுத்த வாரம் அக்காவே பஸ் ஏறி மலைக்குப் போய், பெண்ணின் அண்ணனிடம் பேசிச் சம்மதம் வாங்கிவந்தார். பையன் எப்படி என்று கேட்டதற்கு, "பூசணிக்காயைக்கூடப் பொறுப்பாப் பாத்துக்கிருவான்" என்றாராம்.

மாற்றலாகிப் போடியைவிட்டுப் போய்ப் பல வருஷம் கழித்து அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அலமாரியில் அந்தக் கருப்பு ஹெட்போன் இருந்தது. மனசில் கிடந்ததை அன்று சொல்லிவிட்டேன்.

"அண்ணே, அன்னைக்குப் பொய் சொன்னேன். அதுலயும் பாட்டு வெளிய கசிஞ்சுச்சு. பலகை ஓரமாப் படுத்தா லேசாக் கேக்கும். கேக்குதுன்னு சொன்னா மாத்திருவீங்களேன்னுதான் சொல்லல."

அண்ணன் அப்பளத்தை எடுத்துக் காதருகே கொண்டுபோய், மனைவி முறைத்ததும் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியுமே. குழாயடியில குளிக்கையில நீ முணுமுணுத்தது எந்தப் பாட்டாம்? அதுலயும் மூணாவது அடியில தப்பாப் பாடுவ."

"தெரிஞ்சுமா அதையே வச்சிருந்தீங்க?"

"ஊரை விட்டு வந்து தனியாக் கெடந்தவன் நீ. கேட்டுட்டுத் தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

என் இரண்டு பிள்ளைகளும் அந்தத் தாலாட்டில்தான் தூங்கி வளர்ந்தார்கள். மூன்றாவது அடியை இன்னும் தப்பாகத்தான் பாடுகிறேன். திருத்திக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.