தூசி வரம்பு குறித்து மாப்பிள்ளைக்கு மாமனார்

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கு மில் உட்பட அனைவரும் நலம். அங்கு மகளின் நலமும், காற்றில் எவ்வளவு தூசி இருக்கலாம் என்று வரம்பு வைக்கப்போகும் தங்கள் குழுவின் நலமும் அறிய ஆவல். குழு முன்னால் இருக்கும் விஷயத்தைப் பற்றி உறவுக்காரர் எழுதக் கூடாது என்கிறாள் மகள். ஆகவே இதைக் குடும்பக் கடிதமாகவே வாசிக்கவும்.

போன வாரம் என் வீட்டில் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட நீங்கள், நேற்றைய கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மேடையிலிருந்து, "ஐயா, நீங்க யாரு?" என்றீர்கள். நடுநிலைமை போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, சுண்ணாம்புக்கல் அரைக்கும் மில்காரன் என்றேன். புது வரம்பு வந்தால் தூசி பிடிக்கும் இயந்திரம் வாங்க வேண்டும், வாங்கினால் மில் தாங்காது, மில் போனால் அதை நம்பியிருப்பவர்கள் எங்கே போவார்கள், செலவையும் பார்த்து வரம்பைத் தளர்த்துங்கள் என்று கேட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். இப்போது மில்லில் தூசி பிடிக்கக் கட்டியிருக்கும் துணிப்பையே போதும் என்று காட்ட, கொண்டுபோன பையை ஒரு உதறு உதறினேன் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை. குழுவினர் முகமெல்லாம் வெள்ளை, டைப்பிஸ்ட் மேஜைக்கு அடியில், நீங்கள் தும்மிய தும்மலில் மைக் ஊமையாகிவிட்டது. அந்த மூட்டத்துக்குள்ளிருந்து உங்கள் அத்தை எழுந்தாள். நாலு பேர் முன்னால் என்னை ஒரு நாளும் மறுத்துப் பேசாதவள், இருமி முடித்து, மெதுவாகச் சொன்னாள்:

"இவர் சொல்ற செலவு உண்மைதாங்க. ஆனா வரம்பு வைக்கறப்ப மூச்சை மட்டும் பாருங்க. எத்தனை மாசத்துல, எந்த மிஷின்லன்னு பேசறப்ப செலவைப் பாருங்க. முதல்லயே விலை பேச ஆரம்பிச்சா, மூச்சைத்தான் குறைப்பாங்க."

கூட்டம் கைதட்டியது. வீடு வரும்வரை நான் அவளை முறைத்துக்கொண்டே வந்தேன். அவளோ வெந்நீர் கொடுத்து, என் தலையில் படிந்த தூசியைத் துடைத்தும் விட்டாள். துடைக்கும்போதே அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. முதுகைத் தடவிக்கொண்டே, அதே தூசி எனக்கு ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று கேட்டேன்.

"நீங்க மில்லுல கண்ணாடி ரூமுக்குள்ள இருக்கீங்க. மில்லுக்கு நேரா இருக்கறது நம்ம சமையல்கட்டு" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, யாரோ வழி கேட்டதற்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

இருந்தாலும் தொழில் தொழில்தானே. ஆகவே வரம்பைத் தளர்த்துமாறு மீண்டும் வேண்டுகிறேன். நீங்களும் மகளும் நோய்நொடியில்லாமல் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பாசமுள்ள மாமனார்

பி.கு.: "நோய்நொடியில்லாமல்" என்று எழுதியபிறகு கை ஓடவில்லை. மேலே நான் வேண்டிக்கொண்டதையெல்லாம் அடித்துவிடுங்கள். வரம்பை மூச்சைப் பார்த்தே வையுங்கள். இயந்திரம் வந்து சேர அவகாசம் மட்டும் கொடுங்கள், இயந்திரம் விற்பவரிடம் இப்போதுதான் போனில் தவணைக்குப் பேசிவிட்டேன். அதுவரை மில் ஓடாது, ஆட்களுக்குச் சம்பளம் உண்டு. உங்கள் அத்தை இழுப்பு அடங்கி, கூடத்தில் கால்நீட்டிப் படுத்துத் தூங்குகிறாள். காகிதம் சத்தம் போடாமல் மடித்துக்கொண்டிருக்கிறேன்.