பதினோரு படுக்கையறை வீடு

வீடு என்று ஒன்று இருந்தால் அதில் படுக்கையறை என்று ஒன்று இருந்தாக வேண்டும் என்பது குடியிருப்புத் துறையின் தொன்றுதொட்ட கொள்கை. இதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. எக்ஸ்ரேக்காரிக்கும் இருக்கவில்லை.

அவள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இரவு ஷிப்டில் எக்ஸ்ரே எடுப்பவள். புருஷனுக்கு வேறு ஊரில் வேலை. கல்யாணமாகி மூன்று வருஷம். குடும்பம் நடந்ததெல்லாம் போனில்தான். ‘குடும்பம் நடத்தத் தகுந்த வீடு’ என்று துறை சான்று கொடுத்தால் அவனுக்கு இந்த நகரத்துக்கே மாற்றல் தருவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது.

வீடு ஒற்றை அறைதான். ஆனால் கெட்டிக்காரத்தனமாகக் கட்டிய அறை. இழுத்தால் சுவரிலிருந்து கட்டில் இறங்கும். தூக்கிவிட்டால் அலமாரிக் கதவு மாதிரி சாதுவாக நிற்கும். அடுப்பை மூடினால் அதுவே சாப்பாட்டு மேஜை. “சாமான் எதுவும் கண்ணில் படக் கூடாது, அதுதான் இன்றைய நாகரிகம்” என்று வடிவமைத்தவர் சொல்லியிருந்தார். அவர் வாக்கு பலித்தது. முதல் வாரம் முழுக்க அவள் சீப்பு அவள் கண்ணில் படவில்லை.

துறையின் பரிசோதகர் வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நின்ற இடத்திலேயே பார்த்து முடித்தார்.

“படுக்கையறை எங்கம்மா?”

கட்டிலை இறக்கினாள்.

“ரொம்ப நல்லது. ஹால் எங்க?”

கட்டிலைத் தூக்கினாள்.

“இப்போ படுக்கையறை எங்க போச்சு?”

“சார், ஒரு ஆள் ஒரே நேரத்துல ரெண்டு அறையில இருக்க முடியாதே.”

“நீங்க இருக்க வேண்டாம்மா. அறை இருக்கணும்.”

இருந்தாலும் மனிதருக்கு இரக்க குணம். இரவு பத்து முதல் காலை ஆறு வரை படுக்கையறை, மற்ற நேரம் ஹால் என்று உத்தரவு போட்டார். ஒரு மாதம் ஒழுங்காக நடந்தால் சான்று.

இரவெல்லாம் படுக்கையறை சட்டப்படி இருந்தது, படுக்க ஆள் இல்லை. பகலில் ஆள் இருந்தாள், படுக்கையறைக்கு அனுமதி இல்லை. கண் செருகக் கட்டிலை இறக்கிப் படுத்தாள். நண்பகலில் பரிசோதகர் திடீரென்று வந்து கதவைத் தட்டினார்.

“அனுமதியில்லாம படுக்கையறை கட்டியிருக்கீங்க.”

“கட்டல சார், படுத்திருந்தேன்.”

“கட்டாம எப்படிம்மா படுப்பீங்க?”

மறுநாள் இடிப்புப் பிரிவு வந்தது. தலைக்கவசம், சம்மட்டி, கயிறு என்று சகல மரியாதைகளோடும் வந்தது. அக்கம்பக்கத்தார் கூடி நின்று சிரித்தார்கள். மேஸ்திரி அவளை எழுந்திருக்கச் சொன்னார், கட்டிலைத் தூக்கிச் சுவரில் சாத்தினார், “இடிச்சாச்சு” என்று அறிவித்துவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அவர்கள் லிப்டுக்குப் போய்ச் சேருமுன் கட்டில் இறங்கிவிட்டது. அடுத்த நாளும் வந்தார்கள். போகப் போகப் பழக்கமாகிவிட்டது.

“இன்னும் கொஞ்ச நேரம் தூங்கிக்கோம்மா, அப்புறம் இடிக்கிறோம்” என்பார் மேஸ்திரி.

மாதக் கடைசியில் அவள் துறை அலுவலகத்துக்குப் போனாள். பரிசோதகர் உதட்டைப் பிதுக்கினார்.

“சான்று தர முடியாதும்மா. உங்க வீட்டுல படுக்கையறையே இல்லை.”

தூக்கமில்லாதவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

“இல்லாததையா சார் பதினோரு தடவை இடிச்சீங்க?”

பரிசோதகர் முகம் வெளிறிப் போனது. அறை இல்லை என்றால், பதினோரு தடவை இடித்ததாகப் பதிவேட்டில் எழுதிய துறை பொய் சொன்னதாகும். துறை பொய் சொல்லாது. மேலதிகாரிகள் கூடி ஆழ்ந்து ஆலோசித்தார்கள். இடித்த அறையை மறுபடி இடிக்க முடியாது; ஆகவே இடித்தது பதினோரு வெவ்வேறு அறைகள். குடியிருந்தவளின் சிரமத்தை உத்தேசித்து, மேற்படி பதினோரு அறைகளும் சான்றில் எழுதி அவளுக்கே திருப்பி அளிக்கப்பட்டன.

சிரித்த அக்கம்பக்கத்தாரெல்லாம் மறுநாளே துறை வாசலில் நின்றார்கள். “எங்க வீட்டையும் ரெண்டு தடவை இடிச்சுட்டுப் போங்க சார்!”

புருஷனுக்கு மாற்றல் கிடைத்தது. பெருமை தாங்காமல், பதினோரு படுக்கையறை வீடு என்று உறவில் ஒருவர் விடாமல் சொல்லியிருக்கிறான். அதனால் தனியாக வரவில்லை. அவன் அம்மா, அப்பா, தங்கை, தங்கை புருஷன், பிள்ளைகள், ஒன்றுவிட்ட சித்தப்பா குடும்பம் என்று படையே வந்து இறங்கியது. அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நேரத்தில் அறைகளும் பங்கு பிரிந்துவிட்டன. அரசாங்கமே சொன்ன பிறகு எண்ணிப் பார்க்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

காலையில் அவள் திரும்பியபோது நாத்தனார் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

“பாருங்க அண்ணி, அண்ணனுக்கு ஜன்னல் வச்ச அறை. எனக்கு மட்டும் அடுப்புக்குப் பக்கத்து அறை!”

“என் அறைக்குள்ள நின்னு அழாதே. உன் அறையில போய் அழு” என்றாள் மாமியார், அரையடி நகர்ந்து படுத்தபடி.

“உனக்கும் ஒண்ணு எடுத்து வச்சிருக்கோம்” என்று புருஷன் ஆசையாகக் காட்டினான்.

குளியலறை வாசலில் கால்மிதி அகலத்துக்கு இடம் இருந்தது. எக்ஸ்ரேக்காரி பையோடு அப்படியே நின்றாள். சம்பாதித்து வாடகை கட்டுகிறவள் அவள். பதினோரு அறை இருக்கிற வீட்டில், இருப்பதிலேயே சின்ன அறையைத் தன் தலையில் கட்டிவிட்டார்களே என்று அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்தது.